கட்டி சுருங்கிய பிறகு

தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ ஒரு சிறு முடிச்சு. வலிக்காது, அரிக்காது. எழுபது வயதைத் தாண்டியவரின் நெற்றியிலோ கன்னத்திலோ முன்னங்கையிலோ முளைத்து, சில வாரங்களில் பட்டாணி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்குப் பருத்துவிடும். வலி இல்லாததால் வந்தவருக்குக் கவலை இல்லை. பார்க்கிற மருத்துவருக்கும் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் இப்படி வந்த 195 பேரின் ஆவணங்களை அலசி 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. பயாப்சிக்கு முன் மருத்துவர் என்ன நினைத்தார் என்று குறிப்பு இருந்த இடங்களில் 56 சதவீதம் ‘தீங்கற்றது’ என்றே இருந்தது. அதிகம் எழுதப்பட்டிருந்த ஊகம் நீர்க்கட்டி. உண்மையில் அது மெர்க்கல் செல் கார்சினோமா. தோல் புற்றுநோய்களிலேயே உயிரைப் பறிக்கும் வேகத்தில் முன்வரிசையில் நிற்பது. நோய் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இதனாலேயே இறக்கிறார். மெலனோமாவைவிட மிக அரிது, மெலனோமாவைவிடக் கொடியது.

அரிது என்றால் எவ்வளவு அரிது? அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 0.7 பேர். 2013இல் அந்த நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 2,500 நோயாளிகள். ஆனால் 2000க்கும் 2013க்கும் இடையில் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. மக்கள் நீண்ட நாள் வாழ்வது அதற்கு முதல் காரணம்; வயது ஏற ஏற இந்த நோயின் வாய்ப்பு செங்குத்தாக உயர்கிறது. வெயில் கொளுத்தும், வெள்ளைத் தோலினர் நிறைந்த ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் விகிதம் லட்சத்துக்கு 1.6. நம்மைப் போன்ற கருந்தோலினரிடம் இது அபூர்வம். இந்திய மருத்துவ இதழ்களில் பெரும்பாலும் தனி நோயாளிகள் பற்றிய குறிப்புகளாகவே தலைகாட்டுகிறது. வெளியுலகம் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே சில பிரபலங்களின் மரணச் செய்தியில்தான். ஜாஸ் இசைக் கலைஞர் ஜோ சாவினுல் 2007இல் வியன்னாவில் இறந்தது இதனால். கடற்கரையையும் வெயிலையும் பாடியே புகழும் பெருஞ்செல்வமும் சேர்த்த அமெரிக்கப் பாடகர் ஜிம்மி பஃபெட் 2023 செப்டம்பர் 1 அன்று இறந்ததும் இதே நோயில்தான்.

இவ்வளவு குறைவானவர்களுக்கு வரும் நோயைப் பற்றி ஏன் விரிவாகப் பேச வேண்டும்? புற்றுநோய் மருந்து ஒன்று ‘வேலை செய்கிறது’ என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வியை, பெரும் நோய்களைவிட இந்தச் சிறு நோய் தெளிவாகக் கேட்டிருக்கிறது என்பது என் எண்ணம். பல பத்தாண்டுகளாக நாம் ஸ்கேன் படத்தில் கட்டி எத்தனை சென்டிமீட்டர் சுருங்கியது என்றுதான் பார்த்துவந்தோம். மெர்க்கல் செல் புற்றின் கட்டி எதற்கும் சுருங்கும். கத்திக்கு மசியும், கதிருக்குக் கரையும், கீமோவுக்கு உருகும். பிறகு திரும்பி வரும். அது திரும்பி வராமல் இருப்பதைத் தீர்மானிப்பது எது என்று தேடியதுதான் இந்த நோயின் சிகிச்சை வரலாறு.

ஜெர்மானிய உடற்கூறியலாளர் பிரீட்ரிக் மெர்க்கல் 1875இல் தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் நரம்பு நுனிகளை ஒட்டி இருந்த சில செல்களை விவரித்தார். மெல்லிய தொடுதலை உணர்வதற்கானவை என்று அவர் ஊகித்தார். அதை மரபணுச் சோதனைகள் உறுதிசெய்ய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. புற்றுநோய்க்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 1972இல் சிரில் டோக்கர் என்ற நோய்க்கூறியலாளர் ஐந்து நோயாளிகளின் தோல்கட்டிகளில் அதுவரை வகைப்படுத்தப்படாத ஓர் அமைப்பைக் கண்டு எழுதினார்; வியர்வைச் சுரப்பியிலிருந்து கிளம்பியிருக்கும் என்று கருதினார். 1978இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது மெர்க்கல் செல்களில் இருப்பது போன்ற அடர்ந்த துகள்கள் தென்பட்டன; பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. இந்தப் புற்று உண்மையிலேயே அந்தச் செல்லிலிருந்துதான் பிறக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1990களில் சைட்டோகெராட்டின்-20 என்ற புரதத்துக்கான சாயம் கிடைத்த பின்புதான் நோயறிதல் நிலைப்பட்டது. கருவின் ஓரத்தில் ஒரு புள்ளியாக அந்தச் சாயம் பிடித்தால் இது மெர்க்கல். நுண்ணோக்கியில் அப்படியே இதன் சாயலில் இருக்கும் சிறுசெல் நுரையீரல் புற்று தோலுக்குப் பரவி வந்திருந்தால், வேறொரு சாயம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு முன்பு எத்தனை பேர் வேறு ஏதோ நோயின் பெயரில் புதைக்கப்பட்டார்கள் என்று கணக்கிட வழியில்லை.

அடுத்த திருப்பம் 2008இல், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில். யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி அதற்கு முன்பே, 1994இல், எய்ட்ஸ் நோயாளிகளிடம் பரவிய கபோசி சர்கோமாவுக்குக் காரணமான ஹெர்பஸ் வகை வைரஸைக் கண்டுபிடித்தவர்கள். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு மெர்க்கல் புற்றும் கூடுதலாக வருகிறது என்பது அவர்களுக்குத் துப்பாக அமைந்தது. இதற்குப் பின்னாலும் ஒரு வைரஸ் இருக்க வேண்டும். அவர்கள் கையாண்ட முறை எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. கட்டிகளில் இயங்கிக்கொண்டிருந்த மரபணுக்களின் ஏறக்குறைய 4 லட்சம் துண்டுகளை வரிசைப்படுத்தினார்கள். மனித மரபணுத் தொகுப்பில் இருப்பவற்றையெல்லாம் கணினி கழித்துக்கொண்டே வந்தது. மிஞ்சியவற்றில் ஒன்று, அதுவரை அறியப்படாத ஒரு பாலியோமா வைரஸின் துண்டு. ஹுய்சென் ஃபெங், மசாஹிரோ ஷூதா ஆகியோருடன் சேர்ந்து அவர்கள் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, பத்துக் கட்டிகளில் எட்டில் அந்த வைரஸ் இருந்ததைச் சொன்னது. பின்னர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த ஆய்வுகளிலும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வைரஸ் அபூர்வமானதே அல்ல. குழந்தைப் பருவத்திலேயே பெரும்பாலோரின் தோலில் குடியேறி, ஆயுள் முழுக்க சத்தமில்லாமல் இருந்துவிடுகிறது. புற்று உண்டாக இரண்டு விபத்துகள் சேர்ந்து நடக்க வேண்டும். ஒன்று, வைரஸின் மரபணு தவறிப்போய் மனித செல்லின் டிஎன்ஏவுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். இரண்டு, அதன் ‘லார்ஜ் டி’ என்ற புரதம் பாதியில் வெட்டுப்பட வேண்டும். அதன்பின் வைரஸால் தன்னைப் பெருக்கிக்கொள்ள முடியாது. செல்லின் வளர்ச்சியை அடக்கிவைக்கும் காவல் புரதத்தை முடக்கும் பகுதி மட்டும் மிஞ்சுகிறது. அதாவது புற்றாக மாறுவது வைரஸுக்கும் முட்டுச்சந்துதான். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் புற்றுநோய் அல்ல என்பதற்கும் இதுவே காரணம்.

வைரஸ் இல்லாத மீதிக் கட்டிகளின் கதை வேறு. அவை வெயிலின் புற ஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கில் சிதைத்த டிஎன்ஏவிலிருந்து பிறப்பவை. வைரஸ் உள்ள கட்டியில் மரபணுப் பிறழ்வுகள் மிகச் சொற்பம். வெயில் உண்டாக்கிய கட்டியில் மனிதப் புற்றுகளிலேயே மிக அதிகம் என்னும் அளவுக்கு இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இந்த இரண்டாம் வகையே பெரும்பான்மை. இப்படி எதிரெதிர்த் திசைகளில் இருந்து வரும் இரண்டு கட்டிகள் நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தோன்றுகின்றன, நோயாளியிடமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. இன்னொரு விஷயத்திலும் ஒற்றுமை உண்டு: இரண்டுமே உடலின் எதிர்ப்பு அணுக்களுக்கு அந்நியமாகத் தெரிபவை. முதலாவதில் வைரஸின் புரதம் அந்நியம். இரண்டாவதில் பிறழ்ந்த மரபணு உண்டாக்கிய உருமாறிய புரதங்கள் அந்நியம். பின்னால் வந்த சிகிச்சைகள் இரண்டு வகையிலும் பலித்ததன் மர்மம் இதில் இருக்கிறது.

எதிர்ப்பாற்றலின் கைவண்ணத்தை இந்த நோய் முழுவதும் பார்க்கலாம். உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது மற்றவர்களைவிட 24 மடங்கு அதிகமாக வருகிறது; எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் 13 மடங்கு என்று 2002இல் ஒரு கணக்கு வெளியானது. வந்த பிறகும் அவர்கள் பாடு மோசம்தான். எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகளில் மூன்றாண்டு கழித்து இந்தப் புற்றால் இறக்காமல் இருந்தவர்கள் 40 சதவீதம், மற்றவர்களில் 74 சதவீதம் என்று சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பால் நியெம் குழு கண்டது. மறுபக்கத்தில், கட்டியின் உள்ளே எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் திரளாகப் புகுந்திருந்த நோயாளிகள் வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக இருந்தார்கள். பயாப்சி ஊசி பட்ட சில வாரங்களில் கட்டி தானாகக் கரைந்து மறைந்த நிகழ்வுகளும் 1980களிலிருந்து பதிவாகியிருக்கின்றன. புற்றுநோய் மருத்துவத்தில் இப்படி ‘தானாக மறைந்தது’ என்ற சொல்லை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கூசுவார்கள். இங்கே கூச வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றிலும் விசித்திரமானது இன்னொரு புள்ளிவிவரம். சிலருக்குத் தோலில் கட்டியே இருக்காது; அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டியிருக்கும், அதை எடுத்துப் பார்த்தால் மெர்க்கல். மற்றப் பல புற்றுகளில் ஆதி இடம் தெரியாமல் பரவிய நிலையில் கண்டுபிடிப்பது கெட்ட செய்தி. இங்கே தலைகீழ். 9,387 நோயாளிகளின் தரவைக் கொண்டு நோய்நிலைகளை வகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், கைக்குத் தட்டுப்படும் நெறிக்கட்டியோடு வந்து தோல்கட்டியும் இருந்தவர்களில் ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 27 சதவீதம். தோல்கட்டி கண்ணில் படாதவர்களில் 42 சதவீதம். இதற்குப் பொருத்தமான விளக்கம் ஒன்றுதான்: தோலில் இருந்த முதல் கட்டியை எதிர்ப்பு அணுக்களே அழித்துவிட்டன, தப்பித்து நெறிக்குப் போனது மட்டும் அகப்பட்டிருக்கிறது. பாதிப் போரை வென்ற உடல் அது.

சிகிச்சைக்கு வருவோம். கட்டி ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் சுற்றிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுக்கிறார்கள். அதோடு, அந்தப் பகுதியின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறியையும் எடுத்துப் பார்க்கிறார்கள். கைக்கோ ஸ்கேனுக்கோ எதுவும் தட்டுப்படாதவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு அந்த நெறியில் புற்று ஒளிந்திருக்கிறது. எனவே இந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பது, நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமலே சிகிச்சை செய்வதாகும்.

கதிர்வீச்சுக்கு இந்தப் புற்று அசாதாரணமாகக் கட்டுப்படும். அறுவைக்குப் பின் 50 முதல் 60 கிரே (கதிர் அளவின் அலகு) வரை சில வாரங்களில் பிரித்துக் கொடுப்பது வழக்கம். கிட்டத்தட்ட 7,000 பேரின் அமெரிக்கப் பதிவேட்டுத் தரவு, ஆரம்ப நிலையில் கதிர்வீச்சு சேர்த்துக்கொண்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததைக் காட்டுகிறது. கீமோ சேர்த்தவர்களுக்கு அப்படி ஆதாயம் ஏதும் தெரியவில்லை. பதிவேட்டுத் தரவில் ஒரு பொறி உண்டு. உடல் தேறியவர்களுக்கே கதிர்வீச்சு கொடுத்திருப்பார்கள். அவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்ததில் கதிரின் பங்கு எவ்வளவு, தேறிய உடலின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். சீட்டுக் குலுக்கிப் போட்டது போல நோயாளிகளைப் பிரித்து நடத்தும் சோதனைதான் அதற்குப் பதில். பிரான்சில் அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். நெறிப் பகுதிக்கு முன்னெச்சரிக்கையாகக் கதிர் கொடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே நோய் திரும்பவில்லை; கொடுக்காதவர்களில் 16.7 சதவீதம் பேருக்குத் திரும்பியது. ஆனால் வாழ்நாளில் வித்தியாசம் தெரியவில்லை. 83 பேரோடு சோதனையே பாதியில் நின்றுபோனது, ஏனெனில் அதற்குள் நெறியை எடுத்துப் பார்க்கும் முறை பரவி, எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கதிர் கொடுக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. அரிய நோயின் ஆராய்ச்சி பெரும்பாலும் இப்படித்தான் போகும்: போதுமான நோயாளிகள் சேர்வதற்குள் கேள்வியே பழசாகிவிடும்.

இத்தனையும் செய்த பிறகு என்ன நடக்கிறது? சியாட்டில் குழு 618 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட கணக்குப்படி, ஐந்தாண்டுக்குள் 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்புகிறது. மெலனோமாவில் இது ஏறக்குறைய பாதிதான். திரும்பியவற்றில் 95 சதவீதம் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பிவிட்டன. ஆகவே முதல் மூன்றாண்டைத் தாண்டியவர் ஓரளவு நிம்மதியாக மூச்சுவிடலாம். கண்டுபிடிக்கும்போதே நோய் எங்கே இருந்தது என்பதும் தீர்மானிக்கிறது: ஓரிடத்தில் மட்டும் இருந்தவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் 51 சதவீதம், நெறிக்குப் போயிருந்தவர்களில் 35, தொலைவில் பரவியிருந்தவர்களில் 14. இவை எந்தக் காரணத்தால் இறந்தவர்களையும் சேர்த்த கணக்கு. எழுபத்தைந்து வயதுக்காரர்கள் மாரடைப்பிலும் இறக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். அதோடு, இவை புதிய மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்தின் எண்கள்.

பரவிவிட்ட நோய்க்கு 2010களின் நடுப்பகுதி வரை கீமோதான். சிறுசெல் நுரையீரல் புற்றிலிருந்து கடன் வாங்கிய பிளாட்டினம், எட்டோபோசைட் கூட்டணி. முதல் முறை கொடுக்கும்போது நூற்றுக்கு 55 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து நோயாளியின் குடும்பம் கொண்டாடியிருக்கும். மருத்துவருக்கும் தெம்பு வந்திருக்கும். ஆனால் 62 நோயாளிகளைக் கொண்ட ஒரு தொகுப்பில், நோய் மறுபடி வளரத் தொடங்குவதற்கான இடைநிலைக் காலம் 94 நாட்கள். மூன்று மாதம். கீமோ தொடங்கியதிலிருந்து வாழ்ந்த இடைநிலைக் காலம் ஒன்பதரை மாதம். வெள்ளணுக்களை அடித்து வீழ்த்தும் மருந்தை, வெள்ளணுக்களே கடைசிப் பாதுகாப்பாக இருக்கும் ஒரு நோயில் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது இப்போது பார்த்தால் உறுத்துகிறது. அப்போது கையில் வேறொன்றும் இல்லை.

டி செல்களின் மேல் பி.டி.-1 என்ற புரதம் இருக்கிறது. அதைத் தொட்டால் அந்தச் செல் தன் தாக்குதலை நிறுத்திக்கொள்ளும். உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாமல் இருக்க இயற்கை வைத்த ஏற்பாடு இது. ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகத்தில் 1992இல் கண்டறியப்பட்ட இந்த மூலக்கூறுக்காக அவர், ஜேம்ஸ் அலிசனோடு 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பல புற்றுகள் இந்தப் புரதத்தைத் தொடும் இணையைத் தம் மேல் போர்த்திக்கொண்டு தப்பிக்கின்றன. இரண்டில் ஏதாவது ஒன்றை மூடி மறைக்கும் எதிர்ப்பொருளை ஊசி மூலம் ஏற்றினால் டி செல் மீண்டும் வேலைக்குத் திரும்பும். வைரஸ் புரதத்தாலோ எண்ணற்ற பிறழ்வுகளாலோ அந்நியமாகத் துருத்தி நிற்கும் மெர்க்கல் புற்று, இந்த மருந்துக்கென்றே அமைந்தது போல் இருந்தது.

ஏற்கெனவே கீமோ எடுத்தும் நோய் முற்றிய 88 பேருக்கு இத்தகைய எதிர்ப்பொருளான அவெலுமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. 55 எங்கே, 33 எங்கே? மேலோட்டமாகப் படித்தால் பழைய கீமோவைவிட மட்டமான மருந்து. இன்னும் மோசமாக, நோய் மறுபடி வளரத் தொடங்குவதற்கான இடைநிலைக் காலம் 2.7 மாதம்தான், கீமோவின் 94 நாளோடு ஒப்பிட்டால் அதிலும் பின்தங்கல். கீமோ தோற்றுப்போனவர்களிடம் இரண்டாம் முறை கீமோ கொடுத்தால் 61 நாள்தான் தாக்குப்பிடிக்கும் என்பதால் ஒப்பீடு முழுக்க நியாயமானதல்ல; ஆனாலும் இந்த எண்ணை மட்டும் பார்த்தவர் மருந்தை ஓரமாக வைத்திருப்பார்.

இடைநிலை எண் என்பது வரிசையின் நடுவில் நிற்கிறவரைப் பற்றி மட்டும் பேசுகிறது. அவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அது சொல்லாது. அவெலுமாப் வரைபடத்தில் கோடு முதல் மூன்று மாதம் செங்குத்தாக விழுகிறது. மருந்து பலிக்காதவர்கள் அதில் போய்விடுகிறார்கள். அதன்பின் கோடு படுத்துக்கொள்கிறது. ஓராண்டு முடிவில் 30 சதவீதம் பேரின் நோய் அசையாமல் இருந்தது; மூன்றாண்டு முடிவிலும் ஐந்தில் ஒருவருக்கு அப்படியே இருந்தது. ஐந்தாண்டு கழித்து 26 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோவின் கோடோ அந்த இடத்தை எட்டுவதற்குள் தரையைத் தொட்டுவிடும். ஒரே மாதிரி நடுப்புள்ளி கொண்ட இரண்டு கோடுகள், முற்றிலும் வேறான இரண்டு விதிகள். இந்த நீண்டகால எண்கள் வருவதற்கு முன்பே, 2017 மார்ச் 23 அன்று அமெரிக்க மருந்து நிர்வாகம் அவெலுமாபுக்கு அனுமதி தந்தது. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது.

இதே வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாபின் சோதனை ஒரு படி மேலே போனது. இதில் சேர்ந்த 50 பேரும் பரவிய நோய்க்கு அதுவரை கீமோ எதுவும் எடுக்காதவர்கள். 58 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, மூன்றாண்டு கழித்து 59 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 2018 டிசம்பரில் அதற்கும், 2023 மார்ச்சில் ரெட்டிஃபன்லிமாபுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கீமோவால் களைத்த உடலைவிடக் களைக்காத உடலில் இந்த மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன என்றே நான் இந்த எண்களைப் படிக்கிறேன். ஆனால் அவெலுமாபையும் முதல் சிகிச்சையாக 116 பேருக்குக் கொடுத்தபோது 40 சதவீதம்தான் பலித்தது. எனவே நோயாளிகளின் தேர்விலும் வித்தியாசம் இருந்திருக்கலாம்.

இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாக எழும். இந்தச் சோதனைகளில் எதிலும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. எல்லோருக்கும் மருந்து கொடுத்து, பழைய கீமோ ஆவணங்களோடு ஒப்பிட்டார்கள். மாரடைப்புக்கோ சர்க்கரை நோய்க்கோ ஒரு மருந்தை இப்படி அனுமதித்தால் கூச்சல் எழும். இருந்தும் இங்கே அதை ஏற்கலாம் என்பேன். தற்செயலால் ஐந்து சதவீத வேறுபாடு வரலாம்; கிட்டத்தட்ட யாருமே எட்டாத ஐந்தாண்டு எல்லையில் நான்கில் ஒருவர் நிற்பது தற்செயலால் வராது. ஆண்டுக்கு 2,500 பேருக்கு வரும் நோயில், மூன்று மாதம் தாங்கும் கீமோவுக்குப் பாதிப்பேரைச் சீட்டுப் போட்டு அனுப்பும் சோதனையில் எந்த நோயாளி சேருவார்?

ஆரம்ப நிலையிலேயே இவ்வகை மருந்தைக் கொடுத்தால் என்ன என்று பிறகு பார்த்தார்கள். அறுவைக்கு முன் நிவோலுமாப் இரண்டே தவணை கொடுத்த ஒரு சோதனையில் 39 பேர் சேர்ந்தார்கள், 36 பேருக்கு அறுவை நடந்தது. வெட்டி எடுத்த திசுவை நுண்ணோக்கியில் தேடியபோது 17 பேரிடம் உயிருள்ள புற்றுசெல் ஒன்றுகூட இல்லை. நான்கு வாரத்தில் இது நடந்தது. அறுவைக்குப் பின் கொடுப்பதை ஜெர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்து 179 பேரிடம், இந்த முறை சீட்டுப் போட்டுப் பிரித்தே, சோதித்தன. இரண்டாண்டு நோயின்றி இருந்தவர்கள் நிவோலுமாப் எடுத்தவர்களில் 84 சதவீதம், வெறும் கண்காணிப்பில் இருந்தவர்களில் 73. பதினோரு புள்ளி ஆதாயம். ஆனால் கடுமையான பக்க விளைவுகள் மருந்துக் குழுவில் 42 சதவீதம் பேருக்கு, கண்காணிப்புக் குழுவில் 11 சதவீதம் பேருக்கு. கட்டுப்பாடு விலக்கப்பட்ட டி செல்கள் தைராய்டையும் குடலையும் நுரையீரலையும்கூடத் தாக்கும். அறுவையாலேயே குணமாகியிருக்கக்கூடிய பெரும்பான்மையினருக்கு அந்த அபாயத்தைத் தரலாமா என்பதை நோயாளியோடு உட்கார்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். மேசையில் தாளை வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியாது.

திரும்பி வருவதை முன்கூட்டியே அறிய ஒரு நல்ல வழியும் கிடைத்திருக்கிறது, அதுவும் வைரஸ் வழியாகவே. கட்டி உற்பத்தி செய்யும் வைரஸ் புரதத்துக்கு எதிராக ஏறக்குறைய பாதி நோயாளிகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. கட்டியை அகற்றியபின் அது மாதாமாதம் குறைந்துகொண்டே போகும். குறைந்துவந்தது திடீரென்று ஏறினால் எங்கோ நோய் முளைக்கிறது என்று பொருள். உடனே ஸ்கேனுக்கு அனுப்பலாம். எதிர்ப்பொருள் உண்டாகாத மறுபாதிக்கு இந்தச் சோதனை உதவாது; அவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பும் சற்று அதிகம். எனவே அவர்களை அடிக்கடி ஸ்கேன் எடுத்துத்தான் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

மருந்து பலிக்காதவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர் இருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. நிவோலுமாபோடு இபிலிமுமாப் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்து அமெரிக்காவின் மொஃபிட் புற்றுநோய் மையம் 2022இல் வெளியிட்ட முடிவு பரபரப்பாகப் பேசப்பட்டது: இதற்கு முன் இவ்வகை மருந்தே எடுக்காத 22 பேரில் 22 பேருக்கும் கட்டி சுருங்கியது. நூறு சதவீதம் என்ற எண்ணைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்; 22 என்பது ஒரு வகுப்பறையை நிரப்பாத எண்ணிக்கை. எனக்கு முக்கியமாகப் படுவது அதே சோதனையின் இன்னொரு வரி. முன்பே ஒரு மருந்து தோற்ற 26 பேரில் எட்டுப் பேருக்கு இந்தக் கூட்டு பலித்தது. கதவு மூடிவிட்டது என்று நினைத்த இடத்தில் மூன்றில் ஒருவருக்கு அது திறந்திருக்கிறது. பரவிய கட்டி ஒன்று வலி தரும்போது 8 கிரே கதிரை ஒரே தடவையில் கொடுத்து ஆற்றுவதும் பயன்தருகிறது. இருபத்தாறு பேரின் 93 கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சுருங்கின. மருத்துவமனைக்கு ஒரே நாள் போய்வந்தால் போதும் என்பது எண்பது வயதுக்காரருக்குச் சிறிய விஷயமல்ல.

மிகவும் சிக்கிக்கொண்டவர்கள் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள். அவர்களுக்கு நோய் வந்ததே எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையால். அந்த மாத்திரையை நிறுத்தினால் மாற்று உறுப்பு போய்விடும். டி செல்லைத் தட்டி எழுப்பும் ஊசியைப் போட்டால், எழுந்தது புற்றையும் தாக்கும், அந்நியமான சிறுநீரகத்தையும் தாக்கும். இப்படிச் சிகிச்சை பெற்றவர்களின் தொகுப்புகளில் பத்துக்கு நான்கு பேர் அளவில் உறுப்பு நிராகரிக்கப்பட்டிருக்கிறது. பெரிய மருந்துச் சோதனைகள் எல்லாமே இவர்களை ஆரம்பத்திலேயே விலக்கி வைத்தவை. மேலே சொன்ன சதவீதங்கள் எதிலும் இவர்கள் இல்லை. சிறுநீரகம் போனால் டயாலிசிஸில் வாழ வழியுண்டு என்பதால், அதைப் பணயம் வைத்து ஊசி போட்டுக்கொள்ள ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மாற்று இதயத்தோடு வாழ்பவரிடம் மருத்துவர் அந்தத் தேர்வை முன்வைக்கவே தயங்குகிறார்.